நகரத்தில் நாம்: எதுவும் கேட்கப் போகாத ஓர் இடம்



கொழும்பில் வந்து குடியிருக்கும் எமது பெண்களிடம் "வந்து எத்தனை வருடம்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் பதில் வரும். "கொஞ்ச நாளுக்கெண்டுதான் வந்தனாங்கள்." அந்தக் கொஞ்ச நாள் சிலருக்கு ஏழு வருடம், சிலருக்குப் பதினைந்து வருடம். பிள்ளையின் படிப்புக்காக வந்தவர்கள், மகரகமவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்து தங்கிப்போனவர்கள், வெளிநாட்டிலிருக்கும் மகன் கூப்பிடுவான் என்று விசாவுக்குக் காத்திருப்பவர்கள், கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வந்தவர்கள், காணாமற்போன கணவனையோ பிள்ளையையோ தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்குபவர்கள். 2009க்கு முன் வந்தவர்களும் உண்டு, பின் வந்தவர்களும் உண்டு. இவர்களில் அநேகர் கொண்டுவந்த சூட்கேசை இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் ஒருவர் வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் இருக்கிறார். கொழும்பில் எந்தெந்த இடம் தெரியும் என்று கேட்டபோது விரல் விட்டு எண்ணினார். பெரியாஸ்பத்திரி, பத்தரமுல்லையில் பாஸ்போட் அலுவலகம், செஞ்சிலுவைச் சங்க அலுவலகம், மனித உரிமைகள் ஆணைக்குழு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஒரு தூதரகத்தின் வாசல், சந்தை, மயூரபதி அம்மன் கோயில். சந்தையையும் கோயிலையும் கழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சமெல்லாம் கவுண்டர்கள். கையில் ஒரு பைலோடு போய், வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்கும் இடங்கள். போட்டோப் பிரதி ஒன்று குறைந்தால் திரும்பி வரும் இடங்கள்.

ஒரு நகரத்தை இப்படி மட்டுமே அறிந்த ஒருத்திக்கு அந்த நகரம் எப்படிச் சொந்தமாகும்? ஒன்றும் கேட்காமல், ஒருவரிடமும் கெஞ்சாமல், போய் நின்று பார்த்துவிட்டு வரக்கூடிய ஓர் இடமாவது வேண்டும். அதற்குப் பிறகு, போகாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் நாலு பேர் வேண்டும். இந்த மாதம் அந்த இரண்டையும் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

"வெளியே போய்வாருங்கள்" என்று சொல்வது சுலபம். எமது பெண்கள் அறைக்குள் அடைந்து கிடந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் காலி வீதியைக் கடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறிடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆனால் நீதிமன்றத்தின் தடை பத்திரிகையில் வந்தது, பயம் எலும்புக்குள் போய்விட்டது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பைகளைத் திறந்து காட்டும் நாட்கள் திரும்பி வந்தபோது, "எனக்குக் கால் நடுங்கத் தொடங்கிட்டுது" என்று சொன்னவர்கள் பலர். அந்த நடுக்கத்தைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. அது இருக்கத்தக்கதாகவே வெளியே போகும் வழியைத்தான் பார்க்கவேண்டும்.

நான் சொல்லும் முதல் இடம் கொழும்புத் தேசிய நூதனசாலை. "அதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போற இடம்" என்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக வரும் இடத்தில், சேலை உடுத்த ஒரு பெண் தனியாக நிற்பதை ஒருவரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. வாசலில் அங்கேயும் ஒரு கவுண்டர் உண்டு, உண்மைதான். ஆனால் உள்நாட்டவருக்கான சிறு தொகையைக் கொடுத்து ரிக்கற்றை வாங்கியதும் அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடும். ஏன் வந்தாய், எங்கிருந்து வந்தாய், யாரோடு வந்தாய் என்ற கேள்விகள் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வரை போய், அங்கிருந்து ஓட்டோவில் போகலாம். வெயில் இல்லாத நேரம் என்றால் நடந்தும் போய்விடலாம். "மியூசியம்" என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். வயதான சிங்களப் பெண்கள் அதைக் "கட்டுகே" என்பார்கள், எலும்பு வீடு என்று அர்த்தம். அரச விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கும். சில கூடங்கள் திருத்த வேலைக்காக அவ்வப்போது மூடப்படுவதும் உண்டு, ஆகவே தொலைவிலிருந்து வருபவர்கள் விசாரித்துக்கொண்டு வருவது நல்லது.

உள்ளே போகுமுன் வெளியே கொஞ்சம் நில்லுங்கள். அந்த வெள்ளை மாளிகையைக் கட்டுவித்தவர் ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி. 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆனால் கல்லும் சுண்ணாம்புமாக அதை நிமிர்த்திய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்கார் என்ற எமது நாட்டு முஸ்லிம் பெரியவர். வேலை முடிந்ததும் உமக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டாராம், வெள்ளிக்கிழமைகளில் இதைப் பூட்டிவைத்தால் போதும் என்று அவர் சொன்னாராம். நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் அது பூட்டியே இருந்ததற்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கதையை விட்டாலும், கட்டிடத்தில் தமிழ் பேசிய கைகளின் வியர்வை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

நுழைந்தவுடன் அநுராதபுரத்துத் தொலுவிலவிலிருந்து கொண்டுவந்த புத்தர் சிலை தியானத்தில் இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனால், பொலனறுவையில் 1907, 1908ஆம் ஆண்டளவில் மண்ணுக்குள் இருந்து எடுத்த சைவ வெண்கலப் படிமங்கள் இருக்கின்றன. நடராசர் இருக்கிறார், பார்வதி இருக்கிறாள், சுந்தரமூர்த்தி நாயனார் இளம் பிள்ளையாக நிற்கிறார். தேவாரம் பாடி வளர்ந்த ஒருத்திக்கு, கொழும்பின் நடுவில் ஓர் அரச மண்டபத்தில் சுந்தரர் நிற்பதைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஒரு சகோதரி கண்ணாடிக்கு முன் நின்று கைகூப்பிவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற காவலாளி தானும் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

இந்தப் படிமங்களைப் பற்றி 1914இல் ஒரு நூல் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பனார் சேர் முத்துக் குமாரசுவாமி, தாய் எலிசபெத் என்ற ஆங்கிலப் பெண். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்யாமல் பிள்ளையை இங்கிலாந்தில் தனியாக வளர்த்தெடுத்தாள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் அமெரிக்காவில் பொஸ்டன் நகர நூதனசாலையில் முப்பது வருடம் வேலை செய்து, எமது கலைகளை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். நூதனசாலைக்குப் பக்கத்திலுள்ள வீதிக்கு இன்று அவருடைய பெயர். அறிஞரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். தனியே வளர்த்த அந்தத் தாயைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

இனி ஒரு கல். எனக்கு நூதனசாலையிலே மிகவும் பிடித்தது அதுதான். சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய கல்வெட்டு அது, அதில் உள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரை, அதாவது தெற்கே தெவிநுவரவில் கோயில்கொண்ட விஷ்ணுவைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது, அது பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தெற்கிலே காலி நகரில் நிறுத்த வந்த கல்லில் தமிழ் இருந்தது என்றால், தமிழை வாசிக்கக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள் என்றுதானே பொருள்? 1911இல் அதைக் கண்டெடுத்தபோது அது எப்படிக் கிடந்தது தெரியுமா? காலியில் ஒரு வடிகாலின் மூடுகல்லாக, குப்புறக் கிடந்தது. எத்தனை பேர் அதற்கு மேலால் நடந்து போனார்களோ!

கண்டி அரசனின் சிம்மாசனத்தையும் பாருங்கள். 1693இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனுக்குக் கொடுத்தது. 1815இல் ஆங்கிலேயர் அதை எடுத்துப் போனார்கள், 1934இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் கடைசியாக இருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்தவன். அவனை வேலூருக்கு நாடுகடத்தினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். இந்த விபரத்தை வாசித்துக் காட்டியபோது, கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் நெடுநேரம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு சொன்னாள்: "கதிரை வந்திட்டுது, ஆள் வரேல்லை." அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை.

எல்லாம் இனிக்கும் என்று நான் சொல்லவரவில்லை. கூடங்கள் அநுராதபுரம், பொலனறுவை, கண்டி என்று அரசுகளின் வழியாகவே நடந்து போகின்றன. யாழ்ப்பாண அரசும் வன்னியும் மட்டக்களப்பும் அந்த நடையில் ஓரமாகவே வருகின்றன. எமது காலத்துப் போருக்கு அங்கே கூடம் இல்லை. போருக்கு ஒரு கூடம் இருந்தால் அதில் யாருடைய கதை இருக்கும் என்பதும் யோசிக்கவேண்டியது. கோபம் வந்தால் வரட்டும். கோபத்தோடு பார்ப்பதும் பார்ப்பதுதான்.

எழுத வாசிக்கச் சிரமப்படும் அம்மாமார் என்ன செய்வது என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு எழுத்தே தேவைப்படாத பொருட்கள் உண்டு. பாக்குவெட்டியையும் சுண்ணாம்புக் கரண்டகத்தையும் கண்டால் அவர்கள்தான் எமக்கு விளக்கம் சொல்லுவார்கள். ஒரே நாளில் எல்லாக் கூடத்தையும் ஓடி ஓடிப் பார்க்கவேண்டாம். ஒரு முறைக்கு ஒரு கூடம், அல்லது ஒரு பொருள். பிறகு வெளியே வந்து பெரிய ஆலமரத்தடியில் இருங்கள். அருகிலேயே விகாரமகாதேவிப் பூங்கா இருக்கிறது, பொது நூலகமும் இருக்கிறது. நூதனசாலைக்குள்ளேயும் ஒரு நூலகம் உண்டு. 1885 முதல் இந்த நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி அங்கே சேரவேண்டும் என்பது சட்டம். 1981இல் யாழ். பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன என்பதை மறக்காத எமக்கு, தமிழ் நூல்கள் இன்னுமோர் இடத்தில் சேர்ந்திருக்கின்றன என்பது சிறிய செய்தி அல்ல.

அடுத்தது, ஆட்கள்.

ஊரில் எமக்கு எத்தனை சங்கங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் திருவிழா உபயக்காரர், பாடசாலைப் பெற்றார் சங்கம், மரண உதவிச் சங்கம். அதையெல்லாம் சங்கம் என்றுகூட நாம் நினைக்கவில்லை, ஊர் என்றுதான் நினைத்தோம். நகரத்தில் அதில் ஒன்றும் தானாக வராது. முதலில் சொன்ன தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது: "தங்கச்சி, நான் இங்க செத்தால் மலர்ச்சாலைக்கு ஆர் வருவினம்?" விளையாட்டாகக் கேட்கவில்லை. இரவில் அவர் நித்திரை கொள்ளாமல் யோசிக்கும் கேள்வி அது.

கோயிலுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் செவ்வாய்க்கிழமை வழிபாட்டுக்கும் போகிறவர்கள் பலர். நல்லது. ஆனால் கும்பிட்டுவிட்டு ஒருவரோடும் பேசாமல் திரும்பி வருவதும் நடக்கிறது, நூறு பேர் நடுவில் நின்றாலும். ஆகவே, ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் இடமாகப் பாருங்கள். வெள்ளவத்தை உருத்திரா மாவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. நூலகம் உண்டு, சொற்பொழிவுகளும் நூல் வெளியீடுகளும் நடக்கும். பெரும்பாலானவற்றுக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை, தேநீரும் கிடைக்கும். (பெண்கள் ஏனோ கடைசி வரிசையில்தான் போய் இருக்கிறார்கள். முன்னுக்குப் போங்கள், கதிரை காலியாகத்தான் கிடக்கும்.) அதே பகுதியில் சைவ மங்கையர் கழகம் இருக்கிறது. கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கம் மதம் பார்க்காமல் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும்.

பெரிய சங்கம் கூச்சமாக இருந்தால் சிறிதாகத் தொடங்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குழு அந்த ஆலமரத்தடி வாங்கில்தான் தொடங்கியது. இரண்டு பெண்கள் தற்செயலாகப் பக்கத்தில் இருந்தார்கள், ஒருவர் மற்றவரின் பேச்சைக் கேட்டு "நீங்கள் மட்டக்களப்போ?" என்று கேட்டார். இன்று ஐந்து பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை சந்திக்கிறார்கள். எங்கே போவது என்பதை முறைவைத்து ஒவ்வொருவர் தீர்மானிக்கிறார்கள். ஒருவர் பிளாஸ்கில் தேநீர், ஒருவர் ஏதாவது கடிக்க. அந்தச் சிறு பொறுப்புத்தான் ஆட்களைக் கொண்டுவருகிறது என்பது என் எண்ணம். வெறுமனே "வாங்கோ" என்றால் காய்ச்சல் என்று நிற்கலாம். தேநீர் உங்கள் கையில் என்றால் நிற்க முடியாது.

அவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. "அவர் எங்கே?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எமது சமூகத்தில் ஒரு பெண்ணைக் கண்டவுடன் கேட்கும் முதற் கேள்வி அதுதான். கணவர் இறந்துவிட்டார் என்று சொன்னால் பொட்டைப் பார்ப்பார்கள், காணவில்லை என்று சொன்னால் ஏன் பொட்டு வைத்திருக்கிறாய் அல்லது ஏன் வைக்கவில்லை என்று பார்ப்பார்கள். இரண்டாவது கேள்வி, "ஊரில எந்தப் பக்கம்?" அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சாதியை மூட்டை கட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு குழுவில் அகப்பட்டால் சத்தம் போடத் தேவையில்லை, அடுத்த மாதம் போகாமல் விடுங்கள். சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு, "அது பெரிய கதை, பிறகு சொல்லுறன்" என்ற ஒரு வசனம் போதும். பிறகு சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. புதிதாகச் சேர்ந்த குழுவில் சீட்டுப் பிடிக்கவேண்டாம், ஒருவருக்கொருவர் பிணை நிற்கவேண்டாம். ஐந்து பேர் சேர்ந்தால் கடன் தருகிறோம் என்று வீடு தேடி வருபவர்கள் எமது வடக்கு கிழக்குப் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பது தெரிந்ததே. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரும் அளவுக்கு நிலைமை போனது. கடனுக்காகச் சேர்ந்த குழு தவணை பிந்திய அன்றே பகையாகிவிடும்.

அந்த ஐவர் குழுவில் ஒருவருடைய தாயார் கடந்த வருடம் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுபோக வாகனக் கூலி கட்டுப்படியாகாமல் கொழும்பிலேயே தகனம் செய்யவேண்டியதாயிற்று. மலர்ச்சாலையில் காலை எட்டு மணிக்கே மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி பெயர் எழுதும் கொப்பியோடு வாசலில் இருந்தாள், ஒருத்தி வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். மலர்ச்சாலை முதலாளி அவர்களைப் பார்த்து, "நீங்கள் பெண்மக்களோ?" என்று கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டார்கள்.

குழுவில் சிங்களப் பெண் ஒருவர் சேர்ந்தால் தடுக்கவேண்டாம். அயல் அறையில் இருக்கும் காலிப் பக்கத்துப் பெண்ணும் இந்த நகரத்துக்குப் புதியவள்தான். அவளுக்குத் தமிழ் பத்துச் சொல், உங்களுக்குச் சிங்களம் பத்துச் சொல் என்று தொடங்கினால் ஆஸ்பத்திரியில் உதவும்.

கொழும்பில் இல்லாதவர்கள் இதைத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். வன்னியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வந்திருப்பவர்களுக்கு நாவலர் வீதியில் சிறிய நூதனசாலை ஒன்று உண்டு. திருத்திக் கட்டிய பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபமும் உண்டு. வவுனியா, மன்னார், திருகோணமலைச் சகோதரிகள், செலவில்லாமல் போய் இருக்கக்கூடிய இடங்கள் உங்கள் நகரத்தில் எவை என்று எழுதி அனுப்புங்கள். தபாலட்டையில் இரண்டு வரி எழுதினாலும் போதும், பெயர் போட விருப்பமில்லை என்றால் ஊரை மட்டும் போடுங்கள். கிடைப்பவற்றை வரும் இதழ்களில் சேர்த்துக்கொள்வோம். அடுத்த மாதம், நகரப் பாடசாலையில் ஆண்டு நடுவில் சேரும் பிள்ளைகளின் விடயத்தைப் பார்ப்போம்.